டோபமைன் டீடாக்ஸ்லாம் வேணாம்: படிக்க உக்கார மூளைய எப்படி வழிக்கு கொண்டு வர்றது

இது யாருக்குன்னா, குரூப் 4-க்கோ நீட்டுக்கோ பேங்க் எக்ஸாமுக்கோ படிக்கணும்னு நெஜமாவே ஆசை இருக்கு, புக்கும் மேசைல தொறந்து தான் இருக்கு, ஆனா கை மட்டும் ஃபோன் பக்கமே போகுது, ஒரே ஒரு ரீல்னு ஆரம்பிச்சு நிமிர்ந்து பாத்தா ஒன்றரை மணி நேரத்த காணோம், அப்டி இருக்கவங்களுக்கு. படிப்புன்னு இல்ல, நீங்க தள்ளிப்போட்டுட்டே இருக்குற எந்த வேலைக்கும் இத பொருத்திக்கலாம், ஜிம்மா இருக்கட்டும், பாதில நிக்கிற தீசிஸா இருக்கட்டும், ஜூலை கடைசி வரைக்கும் இழுக்குற வருமான வரி கணக்கா இருக்கட்டும்.

இதுக்கு யூடியூப்ல வழி தேடினா முக்காவாசி பேர் ஒரே மருந்து தான் எழுதி தர்றாங்க. உன் டோபமைன் தீந்து போச்சு தம்பி, ஒரு நாள் முழுக்க ஃபோன், பாட்டு, நல்ல சாப்பாடு எதுவும் வேணாம், விடிகாலைல பச்சத்தண்ணில குளி, எல்லாம் ரீசெட் ஆயிடும். மூளைக்குள்ள டோபமைன்னு ஒரு டேங்க் இருக்கு, ரீல்ஸ் பாத்தா வத்திடும், சும்மா உக்காந்தா திரும்ப ரொம்பிடும்ங்கற நெனப்புல வர்ற அட்வைஸ் இது. அப்டி ஒரு டேங்க் கிடையாது. டோபமைன் மூளைக்குள்ள ஓடுற ஒரு கெமிக்கல் சிக்னல், அது எப்ப வருது, எத பாத்து வருது, எதிர்பாத்தத விட கூடவா வந்துச்சா கம்மியா வந்துச்சா, இது தான் அங்க ஓடுற கணக்கு. அந்த கணக்கு புரிஞ்சிட்டா ஃபோன்ல எத மாத்தணும், படிப்புல எத மாத்தணும்னு பாதி உங்களுக்கே தோணிடும். செய்முறை மட்டும் போதும்னா கீழ போயிடலாம், ஆனா காரணம் தெரியாம செய்றவங்க நாலு நாள்ல விட்டுடுறாங்க, அதனால கொஞ்சம் பொறுமையா படிச்சுட்டே வாங்க.

முயல், எலி, குரங்கு

1957-ல ஸ்வீடன்ல லுண்ட் யூனிவர்சிட்டில அர்விட் கார்ல்சன் முயலுக்கு ரெசர்பின்னு ஒரு மருந்த குடுத்து பாத்தாரு. அந்த மருந்து நம்ம சர்ப்பகந்தா வேர்ல இருந்து பிரிச்சு எடுத்தது தான், அந்த வேர் ரத்த கொதிப்புக்கும் மனநோய்க்கும் கேக்குதுன்னு 1931-லயே கல்கத்தால கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ்னு ரெண்டு டாக்டருங்க எழுதி வச்சிட்டாங்க. ரெசர்பின் மூளைல இருக்குற டோபமைன இல்லாம ஆக்கிடும், அது உள்ள போனதும் முயல் அப்டியே காது தொங்கி அசையாம கெடந்துச்சு. அடுத்து எல்-டோபா குடுத்தாரு, மூளை டோபமைன் செய்றதுக்கு எடுத்துக்குற மூலப்பொருள் அது, கொஞ்ச நேரத்துல முயல் எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சிருச்சு. டோபமைன் சும்மா இடையில வந்து போற பொருள் இல்ல, அதுக்குன்னு தனி வேலை இருக்குன்னு இங்க இருந்து தான் தெரிய வந்துச்சு, கை கால் நடுங்கி அசைவு குறையிற பார்கின்சன் நோய்க்கு இன்னிக்கும் குடுக்குற எல்-டோபா சிகிச்சைக்கும் வழி இதுல தான் தொறந்துச்சு, 2000-ல அவருக்கு நோபலும் வந்துச்சு. நமக்கு வேண்டியது என்னன்னா, டோபமைன் போனதும் அந்த முயலுக்கு முதல்ல போனது அசைவு. கிளம்புறதுங்கற காரியமே நின்னு போச்சு.

அப்புறம் ஏன் இத எல்லாரும் சந்தோஷ ஹார்மோன்னு சொல்றாங்க? கனடால மெக்கில் யூனிவர்சிட்டில 1954-ல ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர்னு ரெண்டு பேரு எலி மூளைக்குள்ள மெல்லிசா ஒரு கம்பிய விட்டு, எலியே லீவர அமுக்கி தனக்கு தானே கரன்ட் குடுத்துக்குற மாதிரி செட் பண்ணாங்க. எலி அமுக்குச்சு, அமுக்கிட்டே இருந்துச்சு, பின்னாடி வேற ஆளுங்க செஞ்ச சோதனைல பக்கத்துல சாப்பாடு இருந்தும் அத விட்டுட்டு அமுக்குச்சு. பாத்தவங்க என்ன நெனப்பாங்க, இவ்ளோ அமுக்குதுன்னா செம்ம சுகமா இருக்கும் போலன்னு தான? இன்ப மையம்னு பேரு வச்சாச்சு, அந்த வட்டாரத்துக்கு டோபமைன் போகுதுன்னு பின்னாடி தெரிஞ்சதும் டோபமைனுக்கு இன்ப கெமிக்கல்னு பட்டம் ஒட்டிக்கிச்சு. எலிய யாரும் கேக்கல.

கேட்டது மிச்சிகன் யூனிவர்சிட்டி கென்ட் பெரிட்ஜ். எலி வாய்ல சர்க்கரை தண்ணி விட்டா அது நாக்க நீட்டி சப்பு கொட்டும், கசப்பு விட்டா வாய பொளந்து தலைய உதறும், கைக்குழந்தைங்க செய்ற அதே மொகம் தான். டோபமைன கிட்டத்தட்ட முழுசா அழிச்ச எலிங்க கிட்ட இத பாத்தாரு. அந்த எலிங்க தானா போயி சாப்பிடாது, தண்ணி குடிக்காது, விட்டா பட்டினில செத்துடும். ஆனா வாய்ல சர்க்கரை விட்டா அதே மாதிரி சப்பு கொட்டுச்சு! பிடிக்கிறது அப்டியே இருக்கு, வேணும்ங்கறது மட்டும் காணாம போயிருச்சு. ரெண்டும் மூளைக்குள்ள வேற வேற வேலை, இனிப்ப ரசிக்கிறதுக்கு மூளையே சுரக்குற அபின் வகை கெமிக்கல்கள் மாதிரி வேற ஆளுங்க இருக்காங்க, டோபமைன் பாக்குறது வேணும்ங்கற டிபார்ட்மென்ட்.

இத உங்க ஃபோன்ல வச்சு பாருங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ரீல்ஸ் தள்ளிட்டே இருக்கும்போது சந்தோஷமாவா இருக்கீங்க? கண்ணு எரியுது, ஒண்ணும் ரசிக்கல, எரிச்சலா கூட இருக்கு, ஆனா விரல் நிக்க மாட்டேங்குது. பிடிக்காமலே வேணும்னு ஒரு நெலம, அது தான் இது. எனக்கு இதுல அவ்ளோ ஆசை, அதனால விட முடியலன்னு உங்கள நீங்களே திட்டிக்கிறதுல அர்த்தமே இல்ல.

கடைசியா குரங்கு, இந்த கட்டுரைக்கே அச்சாணி இது தான். ஸ்விட்சர்லாந்து ஃப்ரிபோர்க்ல வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்கோட நடுமூளைல டோபமைன் செல்கள் எப்ப அடிக்குதுன்னு, அதாவது எப்ப கரன்ட் சிக்னல் விடுதுன்னு ஒண்ணொண்ணா கேட்டாரு. மனுஷ மூளைல மொத்தம் 8,600 கோடி நியூரான் இருக்குன்னா டோபமைன் செய்றது சில லட்சம் தான், சப்ஸ்டான்ஷியா நைக்ரா, வி.டி.ஏ-ன்னு ரெண்டு சின்ன இடத்துல தான் முக்கியமா இருக்கும், ஆனா அதோட கிளைங்க மூளையோட ஆழத்துல இருக்குற ஸ்ட்ரையேட்டம், நெத்திக்கு பின்னாடி இருக்குற ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ்னு பெரிய ஏரியாவுக்கு பரவி கெடக்கு. குரங்குக்கு எதிர்பாக்காம ரெண்டு சொட்டு ஜூஸ் வந்தா அந்த செல்கள் படபடன்னு அடிக்கும். சரி, ஜூஸ் சந்தோஷம்னு தோணுதுல்ல? இப்ப ஜூஸுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு லைட்ட போட்டு போட்டு பழக்குனா, கொஞ்ச நாள்ல செல்கள் லைட்டுக்கே அடிச்சிருது, ஜூஸ் வரும்போது அடிக்கிறதில்ல. அதே ஜூஸ் தான், ருசி ஒண்ணும் மாறல. லைட்ட போட்டுட்டு ஜூஸ குடுக்காம விட்டா, ஜூஸ் வந்திருக்க வேண்டிய அதே நேரத்துல செல்கள் அடங்கி போயிருது. ஆக அங்க ஓடுறது ஒரு கழித்தல் கணக்கு, கெடச்சதுல இருந்து எதிர்பாத்தத கழிச்சா வர்ற மிச்சம். இந்த கணக்கு கம்ப்யூட்டர் லேர்னிங் ஃபார்முலா ஒண்ணோட அப்டியே பொருந்துதுன்னு பீட்டர் டயன், ரீட் மான்டேக்னு ரெண்டு பேரோட சேந்து 1997-ல எழுதுனாரு.

இன்னும் ரெண்டு விஷயம் இதே லேப்ல இருந்து வந்துச்சு, ரெண்டும் நமக்கு வேணும். ஒண்ணு, ஜூஸ் வருமா வராதான்னு பாதிக்கு பாதி சான்ஸ் இருக்கும்போது, லைட்டுக்கும் முடிவுக்கும் நடுவுல அந்த செல்கள் மெல்ல மெல்ல ஏறிக்கிட்டே போகுது, கண்டிப்பா வரும் இல்ல கண்டிப்பா வராதுன்னு தெரிஞ்சா அந்த ஏத்தம் இல்ல. ரெண்டாவது, ஜூஸ் எவ்ளோ லேட்டா வரும்னு லைட் சொல்லுதோ அவ்ளோக்கு லைட்டுக்கு அடிக்கிற அடி குறையுது.

இப்ப ரெண்டையும் உங்க மேசைல பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒரு பக்கம் ஃபோன், தொட்டா ஒரு விநாடில ஏதோ வரும், அது நல்லா இருக்குமா மொக்கையா இருக்குமான்னு தெரியாது. இன்னொரு பக்கம் புக்கு, படிச்சா பரிச்சை வரும், அப்புறம் ரிசல்ட் வரும், அப்புறம் கவுன்சிலிங் வரும், எல்லாம் சேந்து ஒரு வருஷத்துக்கு மேல, அதுவும் கெடைச்சா. இதுல மூளை எந்த பக்கம் சாயும்னு ஜோசியம் பாக்க வேண்டியதில்ல. சோம்பேறித்தனம்னு ஊர் வைக்கிற பேர்ல பெரும்பங்கு இந்த ரெண்டு பக்கத்து வித்தியாசம் தான்னு நான் நெனக்கிறேன், அதனால செய்ய வேண்டியதும் அது தான், ஃபோன் பக்கம் இருக்குற லைட்டையும் சான்ஸையும் குறைக்கணும், புக்கு பக்கம் இருக்குற தூரத்தையும் மலை மாதிரி தெரியிற கஷ்டத்தையும் குறைக்கணும்.

முதல் வாரம் எதையும் நிறுத்தாதீங்க, எழுதுங்க

ஒரு துண்டு பேப்பர மேசைல வைங்க. கை ஃபோனுக்கு போறப்போல்லாம், போறதுக்கு முன்னாடி இருந்தது என்னன்னு ஒரு வார்த்தை எழுதுங்க. டிங்னு சத்தம், கஷ்டமான கணக்கு, அம்மா கூப்ட்டாங்க, பசி, ஃபோன் கண்ணுல பட்டுச்சு, சும்மா, இவ்ளோ தான். திட்டிக்க வேணாம், ஃபோன எடுத்து பாக்கவும் செய்யலாம். ரெண்டு மூணு நாள் எழுதினாலே தெரிஞ்சிடும், முக்காவாசி தடவ உங்கள கிளப்பி விடுறது ரெண்டே ரெண்டு லைட் தான். நெறய பேருக்கு அதுல ஒண்ணு நோட்டிஃபிகேஷனே இருக்காது, கஷ்டமான பக்கம் வந்த அந்த நிமிஷம் தான் லைட்டா இருக்கும், ஆப்டிட்யூட் கணக்குல ரெண்டாவது ஸ்டெப் வரல, கை தானா போயிருது. இத எழுதாம கண்டுபிடிக்க முடியாது, அதனால இந்த வாரத்த தாண்டி குதிக்காதீங்க.

லைட்ட அணைக்கிறது

குரங்கு கதைல ஜூஸ நிறுத்துனா மட்டும் போதாது, லைட்டு எரியிறப்போல்லாம் கொஞ்ச நாளைக்கு உள்ள அடி அடிச்சிட்டே தான் இருக்கும். அதனால ஃபோன் பக்கத்துலயே இருக்கட்டும், நான் மன உறுதியா பாக்காம இருக்கேன்ங்கறது வீண் வேலை, பாக்குற ஒவ்வொரு தடவையும் உள்ள ஒரு சின்ன சண்டை நடக்கும். ஃபோன் வேற ரூம்ல இருக்கணும், சின்ன வீடுன்னா அலமாரிக்குள்ள, பைக்குள்ள, எங்கயாவது கண்ணு படாத இடத்துல. கால் வந்தா மட்டும் சத்தம் வரட்டும், மத்த எல்லா நோட்டிஃபிகேஷனும் ஆஃப். படிக்கிற பிடிஎஃப் எல்லாம் ஃபோன்ல தான் இருக்குன்னு சொல்றவங்க நெறய பேரு, அது பெரிய சிக்கல் தான், முடிஞ்ச வரைக்கும் ஜெராக்ஸ் கடைல பிரின்ட் எடுத்துடுங்க, பழைய கேள்வித்தாள கட்டாயம் பிரின்ட் எடுங்க, ஒரு பக்கத்துக்கு ஆகுற காச பாக்காதீங்க. கிளாஸ் வீடியோவ ஆஃப்லைன்ல இறக்கிட்டு ஃப்ளைட் மோட்ல போட்டு பாருங்க.

ஒண்ணு மறந்துடாதீங்க, லைட்டும் ஜூஸும்னு மூளை படிச்ச பழைய பாடம் அழியாது, அதுக்கு மேல புது பாடம் ஒண்ணு எழுதப்படுது, அவ்ளோ தான். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் மணி அடிச்சு சோறு போட்டு பழக்குன நாய்ங்க காலத்துல இருந்தே இது தெரியும், மணி அடிச்சும் சோறு வரலன்னு பழகி எச்சில் நின்ன நாய்க்கும், கொஞ்சம் கேப் விட்டு திரும்ப மணி அடிச்சா எச்சில் ஊறும். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் திடீர்னு அரிக்கும், அது சறுக்கல் இல்ல, சிஸ்டம் அப்டி தான்.

சான்ஸ கெடுக்குறது

ஆப்ப அழிச்சிடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அழிச்சவங்க திரும்ப இறக்குறத பாத்துட்டு தான் இருக்கோம். எப்ப வேணா எடுத்தா ஏதாவது இருக்கலாம்ங்கற அந்த எப்ப வேணாங்கறத மட்டும் உடைங்க. ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் புறாக்கள வச்சு காட்டுனது இது தான், இத்தனையாவது கொத்துக்கு தீனின்னு கணக்கு இருந்தா புறா கொத்திட்டு ஓய்வு எடுக்கும், எத்தனையாவதுன்னே தெரியாம மாத்தி மாத்தி குடுத்தா ஓய்வே இல்லாம கொத்திட்டே இருக்கும். ஸ்லாட் மெஷின், ரம்மி ஆப், ரீல்ஸ் எல்லாம் அந்த புறா கூண்டோட சொந்தக்காரங்க. (காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேம்ஸ மத்திய அரசு 2025 ஆகஸ்ட்ல சட்டம் போட்டு தடை பண்ணதுக்கு அப்புறமும் பேர மாத்தி வர்ற ஆப்ப தேடி போறவங்க இருக்காங்க, உங்க வீட்ல யாராவது அப்டின்னா கடைசி பகுதிய முதல்ல படிங்க.)

மாத்த வேண்டியது இவ்ளோ தான், ஃபோன் பாக்குறதுக்கு நேரம் குறிங்க, மதியம் சாப்பிட்டதும் ஒரு தடவ, சாயங்காலம் டீயோட ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ, அந்த நேரத்துல தாராளமா பாருங்க, குற்ற உணர்ச்சியே வேணாம். நேரம் நிச்சயமா தெரிஞ்சா நடுவுல இருக்குமா இருக்காதாங்கற அந்த ஏத்தத்துக்கு வேலை குறையும். முதல் மூணு நாலு நாள் ரொம்ப படுத்தும், முன்னாடிய விட அதிகமா கூட தோணும், பழகுன ஜூஸ் வராதப்போ எந்த பிராணியும் கொஞ்ச நேரம் இன்னும் வேகமா லீவர அமுக்கி தான் பாக்கும், அப்புறம் தான் விடும். அந்த நாட்கள்ல இது நமக்கு வேலைக்கு ஆகாதுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

மலைய குறைக்கிறது

கனெக்டிகட் யூனிவர்சிட்டி ஜான் சலமோன் செஞ்ச சோதனை ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. எலிக்கு ரெண்டு வழி, ஒரு வழில நெறய தீனி ஆனா நடுவுல ஏறி குதிக்க வேண்டிய தடுப்பு, இன்னொரு வழில கொஞ்சம் தீனி ஆனா தடுப்பு இல்ல. சாதாரண எலி தடுப்ப ஏறி குதிச்சு பெரிய தீனிக்கு போகும். டோபமைன குறைச்ச எலி சின்ன தீனிக்கு போயிரும். பசி போச்சா, ருசி தெரியலயான்னு பாத்தா அதெல்லாம் இல்ல, தடுப்ப எடுத்துட்டா அதுவும் பெரிய தீனிக்கே போகுது. கஷ்டத்துக்கு ஏத்த பலன் இருக்கான்னு எடை போடுற இடத்துல தான் டோபமைன் நிக்குது.

அதனால உற்சாகம் வரட்டும், அப்புறம் படிக்கலாம்னு காத்திருக்காம தடுப்ப வெட்டி சின்னது பண்ணுங்க. எங்க வெட்டணும்னா ஆரம்பிக்கிற இடத்துல, ஏன்னா உயரமா இருக்குறது அங்க தான். இன்னிக்கு பாலிட்டி முடிக்கணும்ங்கறது வேலை இல்ல, அது மலை. பழைய கேள்வித்தாள்ல 3 கேள்வி போடணும்ங்கறது வேலை. முந்தின நாள் ராத்திரியே அந்த பக்கத்த தொறந்து, நடுவுல பேனாவ வச்சு, தண்ணி பாட்டில் பக்கத்துல வச்சுட்டு தூங்குங்க, காலைல எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு யோசிக்கிற வேலை கூட மிச்சம் இருக்க கூடாது. அன்னிக்கு முடிக்கும்போது ஒரு கணக்க பாதில விட்டுட்டு எந்திரிக்கிறது என்னோட வழக்கம், மறுநாள் மொட்டையா ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்துல இருந்து கை தானா ஓடும்.

இதுக்கு ஒரு வாக்கியமும் எழுதிக்கணும், பீட்டர் கோல்விட்ஸர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் பல வருஷமா ஆராய்ஞ்ச டெக்னிக். நல்லா படிக்கணும்னு எழுதாம, இது நடந்தா இத செய்வேன்னு எழுதுறது. ராத்திரி சாப்பிட்டு தட்ட கழுவி வச்சதும் மேசைல உக்காந்து 3 கேள்வி. அந்த தட்டு கழுவுறது இப்ப உங்க லைட். நேரம் சொல்லி எழுதுறத விட இப்டி தினமும் நடக்குற ஒரு காரியத்தோட கட்டி விடுறது நல்லா நிக்குது, எட்டு மணிங்கறது சத்தமில்லாம போயிரும், தட்டு அப்டி போகாது. கூடவே முதல் வாரம் எழுதுன லிஸ்ட்ல கண்டுபிடிச்ச லைட்டுக்கும் ஒண்ணு எழுதுங்க, கணக்குல மாட்டிக்கிட்டா அந்த கேள்விக்கு நேரா வட்டம் போட்டுட்டு அடுத்த கேள்விக்கு போவேன். ஃபோனுக்கு போற கைக்கு வேற வேலை குடுத்தாச்சு.

தூரத்த குறைக்கிறது

ஒரு வருஷம் கழிச்சு வர்ற ரிசல்ட் இன்னிக்கு சாயங்காலம் உங்கள கிளப்பி விடாது, குரங்குக்கு லேட்டான ஜூஸ் மாதிரி அதோட அடி தேஞ்சு போயிருக்கும். அப்போ இன்னிக்கே, பத்து நிமிஷத்துக்குள்ளயே ஏதாவது வரணும். அதுக்கு வெளில தேட வேணாம், கேள்வி போட்டு விடைய உடனே சரி பாக்குறதே ஒரு ஜூஸ் தான், சரியா இருக்குமா தப்பா இருக்குமான்னு ஒரு சான்ஸும் அதுல இருக்கு. புக்க வரிவரியா வாசிக்கிறதுல எதிர்பாக்கவும் ஒண்ணுமில்ல, மிச்சமும் ஒண்ணுமில்ல, அதான் தூக்கம் வருது. முதல்ல கேள்வி, தப்பான பதில், அப்புறம் அதுக்கான பக்கம், இந்த வரிசைல படிச்சு பாருங்க. பாதி சரி பாதி தப்புன்னு வர்ற லெவல்ல கேள்வி இருந்தா ஆள இழுத்து பிடிக்கும்ங்கறது என் அனுபவம், எல்லாம் சரியா வந்தா போர், எல்லாம் தப்பா வந்தா ஓடிருவோம். குரூப் 4-ல ஆப்டிட்யூட் பகுதி மட்டும் 25 கேள்வி, அத இப்டி அஞ்சஞ்சா உடைச்சு போடலாம்.

முன்னேறுறது கண்ணுல படணும். அமெரிக்கால எம்ஐடி யூனிவர்சிட்டில ஆன் கிரேபியல் லேப்ல 2013-ல பாத்தாங்க, எலி ஒரு பாதைல தீனிய நோக்கி நடக்க நடக்க ஸ்ட்ரையேட்டத்துல டோபமைன் ஏறிக்கிட்டே போகுது, பக்கத்துல போக போக அதிகம். நமக்கு பாடத்திட்டம் முடியிற தூரம் தெரியவே தெரியாது, அதனால செவுத்துல ஒரு காலண்டர மாட்டி கட்டத்த அடிங்க, இல்ல பிரின்ட் எடுத்த கேள்வித்தாள முடிச்சது ஒரு பக்கம் முடிக்காதது ஒரு பக்கம்னு அடுக்குங்க. ஆப்ல டிராக் பண்றேன்னு மட்டும் போகாதீங்க, ஆப் எங்க இருக்கு? ஃபோன்ல.

பரிசு குடுத்துக்கலாமா? குடுத்துக்கலாம், ஆனா ஒரு எச்சரிக்கை இருக்கு. 1973-ல ஸ்டான்ஃபோர்ட் நர்சரி ஸ்கூல்ல படம் வரையிறது ஏற்கனவே பிடிச்சிருந்த குழந்தைங்க கிட்ட, வரைஞ்சா சான்றிதழ் தருவோம்னு முன்கூட்டியே சொல்லி வரைய விட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு சும்மா விட்டப்போ அந்த குழந்தைங்க முன்ன மாதிரி வரையல. சொல்லாம திடீர்னு சான்றிதழ் வாங்குன குழந்தைங்களுக்கு அந்த சரிவு வரல. அதனால உங்களுக்கு இயல்பாவே பிடிச்ச பாடத்துக்கு பரிசு வைக்காதீங்க, எது கசக்குதோ அதுக்கு மட்டும் வைங்க. பசங்களுக்கு மார்க்குக்கு ஒரு ரேட்டு பேசி வைக்கிற அப்பா அம்மாவும் இத கொஞ்சம் கவனிங்க.

இதோட தம்பி முறைல ஒண்ணு, கேட்டி மில்க்மேன்னு பென்சில்வேனியா யூனிவர்சிட்டி பேராசிரியை செஞ்சது. ஆள இழுக்குற ஆடியோ புக்க ஜிம்முக்கு வந்தா மட்டும் தான் கேக்கலாம்னு வச்சாங்க, ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு அண்ணனுக்கு பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு. ஆரம்பத்துல அந்த குரூப் மத்தவங்கள விட 51 சதவீதம் அதிகமா ஜிம்முக்கு வந்துச்சு, அப்புறம் நவம்பர்ல அவங்க ஊர் தேங்க்ஸ்கிவிங் லீவு வந்துச்சு, அதோட தேஞ்சு போச்சு. லீவு விட்டு வந்தா திரும்ப முதல்ல இருந்து கட்டணும்ங்கறது தான் இதுல கத்துக்க வேண்டியது, பொங்கல் முடிஞ்சு வந்ததும் அந்த வாக்கியத்த மறுபடி எழுதி ஒட்டுங்க. படிப்புக்கு ஆடியோ சரிப்பட்டு வராது, ஆனா பிடிச்ச டீக்கடை, பிடிச்ச நண்பன், லைப்ரரில ஜன்னலோரம், இந்த மாதிரி எதையாவது படிப்போட மட்டும் கட்டி வைக்கலாம்.

எவ்ளோ நாள் ஆகும்

21 நாள்னு எவனோ கெளப்பி விட்டது. லண்டன்ல யூசிஎல் யூனிவர்சிட்டில ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேர வச்சு பாத்தப்போ ஒரு புது பழக்கம் யோசிக்காம தானா நடக்க நடுமட்டமா 66 நாள் வந்துச்சு, ஆளுக்கு ஆள், பழக்கத்துக்கு பழக்கம் 18-ல இருந்து 254 வரைக்கும். நடுவுல ஒரு நாள் விட்டதுனால பெருசா ஒண்ணும் கெட்டு போகல. ஒரு நாள் போச்சுன்னா மறுநாள் தட்டு கழுவினதும் உக்காருங்க, திங்கக்கிழமைல இருந்து புதுசான்னு நாள் குறிக்காதீங்க.

தூக்கத்த பத்தி ஒரே ஒரு வரி. அமெரிக்கால நோரா வோல்கோவ் குழு ஸ்கேன் பண்ணி பாத்ததுல, ஒரே ஒரு ராத்திரி முழிச்சதுக்கே டோபமைன வாங்கிக்கிற டி2 ரிசப்டார்கள் ஸ்ட்ரையேட்டத்துல குறைவா தெரிஞ்சுது, அதனால விடிய விடிய படிக்கிறேன்னு நாளைக்கு உக்கார்ற தெம்ப இன்னிக்கே செலவு பண்ணாதீங்க.

செய்ய வேணாம்னு நான் சொல்றது

டோபமைன் ஃபாஸ்டிங். 2019 வாக்குல இத பிரபலமாக்குன கலிஃபோர்னியா சைக்காலஜிஸ்ட் கேமரன் செபாவே பேர அப்டியே எடுத்துக்காதீங்க, பழக்கத்த கிளப்புற தூண்டுதல்ல இருந்து விலகி இருக்க சொல்றேன்னு தான் சொன்னாரு, இருட்டு ரூம்ல உப்பில்லா கஞ்சி குடிக்கிற வெர்ஷன் மத்தவங்க சேத்துக்கிட்டது. ஒரு நாள் விரதம் இருந்துட்டு மறுநாள் அதே ஃபோன் அதே மேசைல இருந்தா ஒரு லைட்டும் மாறல.

பச்சத்தண்ணி குளியல்ல டோபமைன் 250 சதவீதம் ஏறும்ங்கற நம்பர் 2000-ல வந்த ஒரு ஆய்வுல இருந்து வருது. அதுல ஆளுங்க 14 டிகிரி தண்ணில தலைய மட்டும் வெளிய வச்சு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க, அளந்தது ரத்தத்துல, ரத்தத்துல இருக்குற டோபமைன் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற தடுப்ப தாண்டி உள்ள போகாது. மே மாசம் மெட்ராஸ் மாடி டேங்க் தண்ணில ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு இந்த நம்பர எதிர்பாத்தா எப்டி? முழிப்பு வரும், நல்லது தான், குளிங்க.

மாத்திரை, பவுடர் வாங்குறது. பூனைக்காலி விதைல எல்-டோபா நெஜமாவே இருக்கு, அதனாலயே அத மோட்டிவேஷன் பவுடர்னு ஆன்லைன்ல வாங்கி சாப்பிட கூடாது, மருந்து இருக்குற பொருள் மருந்து மாதிரி தான் நடந்துக்கும். பார்கின்சனுக்கு டோபமைன் வேலைய செய்ற பிராமிபெக்சோல், ரோபினிரோல் மாதிரி மருந்து எடுக்குறவங்கள்ல சிலருக்கு, அது வரைக்கும் சீட்டயே தொடாத மனுஷங்களுக்கு, சூதாட்டமும் கண்டபடி பொருள் வாங்குறதும் அடக்க முடியாம வந்திருக்கு, டோஸ மாத்துனா குறையவும் செஞ்சிருக்கு. வீட்ல தாத்தா பாட்டி யாராவது இந்த மருந்துல இருந்து திடீர்னு இப்டி மாறுனா திட்டாம நரம்பு டாக்டர் கிட்ட சொல்லுங்க, மருந்த நீங்களா நிறுத்த வேணாம்.

இந்த வழியெல்லாம் கேக்காத நெலம

பிடிச்சத கூட செய்ய தோணல, குளிக்க எந்திரிக்கிறதே மலையா இருக்கு, ரெண்டு வாரத்துக்கு மேல இதே கதின்னா அது மேசைய மாத்தி அடுக்கி சரியாகுற விஷயம் இல்ல, டிப்ரஷனான்னு டாக்டர் பாக்கணும். சின்ன வயசுல இருந்தே ஒரு இடத்துல உக்கார முடியாது, தொட்டதெல்லாம் பாதில நிக்குது, ஸ்கூல்ல இருந்து வேலை வரைக்கும் இதே திட்டு தான் வாங்குறேன்னா ஏடிஹெச்டிங்கற கவனக்குறைபாடு இருக்கான்னு பரிசோதிக்கணும், அதுக்கு சிகிச்சை இருக்கு. குடி, கஞ்சா, காசு கட்டுற ஆட்டம் இதுல மாட்டிக்கிட்டவங்களுக்கு மேல சொன்னது எதுவும் போதாது, வீட்டுல ரூம்ல போட்டு பூட்டுறதும் வேலைக்கு ஆகாது, நாள்பட்ட குடிய டாக்டர் மேற்பார்வை இல்லாம திடீர்னு நிறுத்துனா வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்கள்ல மனநல பிரிவு இருக்கு, அங்க போகலாம். நேர்ல போக கூச்சமா இருந்தா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.